ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் மீது புகார் கொடுக்கலாமா?

கேள்வி

வக்கீல் மேடத்துக்கு வணக்கம். எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன். மகனுக்கு 24 வயது, டெம்போ ஓட்டுகிறான். பக்கத்து வீட்டுக்காரரோடு வழிப்பாதைத் தகராறு கைகலப்பாகி, அவருக்கு நெற்றியில் இரண்டு தையல் போட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டெம்போ ஸ்டாண்டில் வைத்து மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அவர் சிட்-அவுட்டில் இருந்தபடியே பெயரை மட்டும் கேட்டுவிட்டு, பேப்பரில் கையெழுத்துப் போட்டு 15 நாள் ரிமாண்ட் செய்துவிட்டார். ஸ்டேஷனில் அடித்ததில் மகனுடைய இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதை அவர் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இரண்டு போலீஸ்காரர்கள் ஒட்டி நின்றதால் இவனும் வாயைத் திறக்கவில்லை. ஜெயிலில் இருந்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பில் கீறல் என்றார்கள். பதினோரு நாள் கழித்து ஜாமீனில் வந்தான்.

போலீஸ் அடிப்பது ஊர் அறிந்தது. ஆனால் நீதிபதி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பிள்ளை அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பான். அவர் மேல் நடவடிக்கை எடுக்க வைக்க முடியுமா? வேலையை விட்டு எடுப்பார்களா? நஷ்டஈடு கேட்கலாமா? புகார் கொடுத்தால் கோர்ட் அவமதிப்பு ஆகிவிடும், நீயும் உள்ளே போவாய் என்கிறார்கள். மகனுடைய கேஸ் அதே கோர்ட்டில்தான் நடக்கப்போகிறது. எங்கள் வக்கீல் "விட்டுவிடுங்கள்" என்கிறார். நான் என்ன செய்ய?

(பெயர், ஊர், கோர்ட் விவரம் வெளியிடவில்லை)

பதில்

அன்புள்ள அக்கா,

உங்களைப் பயமுறுத்தியிருக்கும் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். கீழ்க்கோர்ட் நீதிபதியைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்கு நல்லெண்ணத்தோடு புகார் எழுதுவது கோர்ட் அவமதிப்பு ஆகாது. 1971-ம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 6-வது பிரிவிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. அந்த நீதிபதிக்கு மேலே உள்ள உயர் நீதிமன்றத்திடமோ வேறொரு கீழ் நீதிமன்றத்திடமோ நேர்மையாகச் சொல்வதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு. அதே விஷயத்தை நோட்டீஸ் அடித்து ஜங்ஷனில் ஒட்டினாலோ, வாட்ஸ்அப்பில் அவர் போட்டோவோடு பரப்பினாலோ, பாதுகாப்பு கிடையாது. உள்ளே போவாய் என்று உங்களிடம் சொன்னவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இந்தப் பயத்தினாலேயே நம் மாவட்டத்தில் எத்தனையோ நியாயமான புகார்கள் எழுதப்படாமலே போயிருக்கின்றன.

அடுத்து, உங்கள் கடிதத்தில் மாஜிஸ்திரேட் மேல் உள்ள கோபம் முழுவதும் ஒரே குவியலாகக் கிடக்கிறது. அதைப் பிரித்து எடுக்க வேண்டும். எல்லாமே தவறு என்று எழுதினால் உண்மையான தவறும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.

வீட்டில் வைத்து ரிமாண்ட் செய்தது தவறல்ல. கோர்ட் நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும் மாஜிஸ்திரேட் வீட்டில் வைத்தே ஆஜர்படுத்தலாம். 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தியாக வேண்டும் என்பதால் அப்படித்தான் செய்ய முடியும். பதினைந்து நாள் போட்டதும் அவருக்குள்ள அதிகாரத்துக்கு உட்பட்டதே. அன்றைக்கே ஜாமீன் தராததை வைத்தும் அவர் மேல் நடவடிக்கை கேட்க முடியாது. ஜாமீன் தருவதும் மறுப்பதும் அவருடைய தீர்மானம். தீர்மானம் தப்பென்றால் மேல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நீங்களும் அப்படித்தான் ஜாமீன் வாங்கியிருப்பீர்கள்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது வேறு ரகம். அது தீர்மானத்தில் வந்த பிழை இல்லை, செய்தே ஆக வேண்டிய கடமையைச் செய்யாமல் விட்டது. உங்கள் புகாரின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒருவரைக் கைது செய்து முதல் முறையாக முன்னால் நிறுத்தும்போது மாஜிஸ்திரேட் என்ன பார்க்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஏன் கைது செய்தார்கள் என்று அந்த ஆளுக்குச் சொல்லப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அரசியல் சட்டம் 22-வது பிரிவு தரும் உரிமை இது. மாஜிஸ்திரேட் இதைத் தானே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று விஹான் குமார் வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 48-வது பிரிவில், இதைச் சரிபார்ப்பது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று அந்த வார்த்தையையே போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும் என்றால், இந்தக் கடமை நிறைவேறவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

போலீஸ் அடித்ததா என்று கேட்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு உரிமை உண்டு என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். 1983-ல் ஷீலா பர்சே வழக்கிலிருந்தே இது சட்டம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவசமாக ஒருவர் கிடைப்பார் என்று சொல்ல வேண்டும். இது 1981-லேயே பீகார் சிறைக் கைதிகள் தொடர்பான காத்ரி வழக்கில் வந்துவிட்டது.

கடைசியாக, உங்கள் மகன் விஷயத்தில் எல்லாவற்றையும் விடப் பெரியது, கைது அவசியமா என்ற கேள்வி. எஃப்.ஐ.ஆர். நகலை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொல்லும் சம்பவத்துக்கு நம் ஸ்டேஷன்களில் வழக்கமாகப் போடும் பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 296(பி), 115(2), 118(1), 351(3). ஆபாசமாகத் திட்டினான், அடித்தான், ஆயுதத்தால் காயப்படுத்தினான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான் என்ற நாலும். இதில் அதிகபட்சத் தண்டனை கொலை மிரட்டலுக்கு உள்ள ஏழு வருடம். ஏழு வருடமோ அதற்குக் குறைவோ தண்டனை உள்ள குற்றங்களில் கையோடு கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்பதற்குப் போலீஸ் காரணம் எழுத வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்க வேண்டும் என்று 2014 ஜூலை 2-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வரதட்சணைக் கொடுமை வழக்கில் வந்த தீர்ப்பு என்றாலும், இந்த வகைக் குற்றங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் சொல்லும் காரணத்தைப் படித்துப் பார்த்து, அதில் தனக்குத் திருப்தி என்று பதிவுசெய்த பிறகுதான் மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்ப வேண்டும்.

இப்போது அந்தப் பேப்பரைப் பற்றி. ரிமாண்ட் ரிப்போர்ட் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம். எஃப்.ஐ.ஆரில் உள்ள கதை அப்படியே திரும்ப வரும். கடைசிப் பத்தியில், "எதிரியை (குற்றம்சாட்டப்பட்டவரை) வெளியில் விட்டால் சாட்சிகளைக் கலைப்பார், தலைமறைவாவார்" என்று ஒரு வரி இருக்கும். வழிப்பாதைத் தகராறுக்கும் அதே வரிதான், செயின் பறிப்புக்கும் அதே வரிதான். சொந்த வீட்டில் அம்மாவோடு இருந்துகொண்டு, தினமும் ஒரே ஸ்டாண்டில் டெம்போ போடுகிற பையன் எங்கே தலைமறைவாகப் போகிறான் என்று அதை எழுதியவரும் யோசித்திருக்க மாட்டார். கூடவே, காரணங்களுக்கு நேரே டிக் அடித்த ஒரு தாள் இருக்கும். பல வழக்குகளில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். அதன் மேல் அல்லது பின்னால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு: ஆஜர்படுத்தப்பட்டார், கைதுக்கான காரணம் தெரிவிக்கப்பட்டது, போலீசார் மீது புகார் இல்லை என்றார், இன்ன தேதி வரை ரிமாண்ட். சில இடங்களில் இந்த வாசகம் முன்கூட்டியே அச்சாகியோ ரப்பர் ஸ்டாம்பாகவோ இருக்கும், தேதியை மட்டும் பேனாவால் நிரப்புவார்கள்.

உங்கள் மகன் விஷயத்தில் "போலீசார் மீது புகார் இல்லை என்றார்" என்று அந்த உத்தரவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று மகன் சொல்வது உண்மையானால், அந்த வரி நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டும் வரி. பக்கத்தில் சிறை அனுமதிப் பதிவேட்டை வைத்துப் பாருங்கள். சிறைக்குள் எடுக்கும்போது உடலைப் பரிசோதித்துக் காயங்களைக் குறிப்பது வழக்கம். அன்று இரவே, அதிகபட்சம் மறுநாள், இடது மணிக்கட்டு வீக்கம் என்று அங்கே எழுதியிருந்து, அதற்குச் சில மணி நேரம் முன்பு கோர்ட் உத்தரவில் புகார் இல்லை என்று இருந்தால், உங்கள் புகாருக்கு அந்த இரண்டு தாள்களுமே போதும். நீங்கள் பத்துப் பக்கம் ஆத்திரத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, கைது நேரம். வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிடித்து சனி ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆஜர்படுத்தினால் 27 மணி நேரம் தாண்டிவிட்டது. குலசேகரத்திலிருந்து மாவட்டத்தின் எந்த மூலையில் உள்ள மாஜிஸ்திரேட் வீட்டுக்கும் மூன்று மணி நேரப் பயணம் இல்லை. ஆனால் கைது மெமோவில் சனிக்கிழமை காலை என்று ஒரு நேரம் போட்டிருப்பார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் காகிதத்தோடு ஆளையும் கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறது சட்டம். போலீசைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "எப்போ தம்பி பிடிச்சாங்க? வீட்டுக்குத் தெரியுமா? கையில என்ன?" என்று கேட்டிருந்தால், இரண்டு நிமிடத்தில் மூன்று மீறல்களும் வெளியே வந்திருக்கும். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் ரிமாண்ட் செய்தபோது உடம்பில் இருந்த காயங்கள் கவனிக்கப்பட்டனவா என்ற கேள்வியை நாடே கேட்டது. நம் பக்கத்து மாஜிஸ்திரேட் ஒவ்வொருவருக்கும் அது தெரியும். சனிக்கிழமை ராத்திரி வரிசையாக ரிமாண்ட் வரும், பக்கத்துக் கோர்ட் பொறுப்பும் சேர்ந்து தலையில் இருக்கும், அந்தச் சுமையை நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் இந்த மூன்று கேள்விகளுக்கு அந்தச் சுமை காரணம் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இதற்காக மாஜிஸ்திரேட் மேல் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. அர்னேஷ் குமார் தீர்ப்பிலேயே, காரணம் பதிவுசெய்யாமல் காவலுக்கு அனுப்பும் மாஜிஸ்திரேட் மீது அந்தந்த உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2012-ல் மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாப்பின் மேல்முறையீட்டை முடித்துவைத்த தீர்ப்பிலும் இது வந்தது. முதல் முறை ஆஜர்படுத்தும்போது இலவச வக்கீல் உரிமையைச் சொல்லாத மாஜிஸ்திரேட், கடமை தவறியவராகத் துறை நடவடிக்கைக்கு உள்ளாவார் என்று அதில் எழுதினார்கள். அப்படிப்பட்ட ஒரு குற்றவாளியின் வழக்கில்கூட இந்த உரிமையைச் சுருக்காமல் வலுப்படுத்தினார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. உங்கள் டெம்போ டிரைவர் மகனுக்கும் அதே உரிமைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்ல வேண்டும். நீதிபதி போட்ட உத்தரவு தப்பு என்பதற்காக மட்டும் அவரைத் தண்டிக்க முடியாது, தண்டிக்கவும் கூடாது. பீகாரில் ஒரு செஷன்ஸ் நீதிபதி, உயர் நீதிமன்றம் ஏற்கெனவே ஜாமீன் மறுத்திருந்த ஒரு கொலை வழக்கில் ஜாமீன் கொடுத்தார். இன்னொரு போதைப்பொருள் வழக்கில், அரசுத் தரப்பு சாட்சிகளைக் கொண்டுவராததால் சாட்சியத்தை முடித்துவைத்தார். இரண்டுக்கும் சேர்த்து அவர் மேல் துறை நடவடிக்கை பாய்ந்தது. கிருஷ்ண பிரசாத் வர்மா என்ற அந்த வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உத்தரவு தப்பாக இருக்கலாம், ஆனால் பணத்துக்காகவோ வேறு உள்நோக்கத்தோடோ போட்டதாகக் காட்டாமல் தவறான உத்தரவை மட்டும் வைத்து நடத்தைக்கேடு என்று சொல்லக் கூடாது என்றது. அதற்கு முன்பு 1993-ல் கே.கே. தவான் வழக்கில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். தீர்ப்பளிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரி மீது, முடிவு தப்பு என்பதற்காக நடவடிக்கை வராது. கண்மூடித்தனமாகவோ கடமையை அலட்சியப்படுத்தியோ ஒருவருக்குச் சலுகை காட்டியோ நடந்துகொண்டால் வரும்.

இந்தக் கோடு உங்கள் மகனைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம் தேவை. நடவடிக்கைக்குப் பயந்து உச்ச நீதிமன்றம் வரை போன நீதிபதிகளின் வழக்குகளை எடுத்துப் பாருங்கள். ஜாமீன் கொடுத்ததற்காக மாட்டிக்கொண்டவர்கள் அதில் வரிசையாக வருவார்கள். வர்மா வழக்கு மாதிரியே, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ரமேஷ் சந்தர் சிங் வழக்கும் ஜாமீன் கொடுத்ததால் வந்ததுதான். சிறைக்கு அனுப்பினால் நீதிபதியை யாரும் கேள்வி கேட்பதில்லை, வெளியே விட்டால்தான் கேட்கிறார்கள் என்ற நிலைமை இருக்கிறது. அதனால் இளம் மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவதே பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே "அவர் ஜாமீன் தரவில்லை, தண்டியுங்கள்" என்று புகார் எழுதாதீர்கள். "அவர் கேட்கவில்லை, பார்க்கவில்லை, காரணம் எழுதவில்லை" என்று எழுதுங்கள். முதலாவது எழுதினால் அடுத்த மாஜிஸ்திரேட்டுக்கும் பயம் வரும். இரண்டாவது எழுதினால் அடுத்த பையனிடம் கேள்வி கேட்பார்.

புகாரை எங்கே கொடுப்பது? கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு எழுதச் சொல்வார்கள். இரண்டாலும் பயன் இல்லை. அரசியல் சட்டம் 235-வது பிரிவின்படி கீழ் நீதிமன்றங்கள் மீதான கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம் மட்டுமே இருக்கிறது. கலெக்டரோ எஸ்.பி.யோ மந்திரியோ ஒரு மாஜிஸ்திரேட்டிடம் விளக்கம் கேட்க முடியாது, கேட்க முடியாமல் இருப்பதுதான் நல்லது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே விழிப்புப் பிரிவுப் பதிவாளர் இருக்கிறார். அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விரும்பினால் ஒரு நகலை நாகர்கோவிலில் உள்ள முதன்மை மாவட்ட நீதிபதிக்கும் அனுப்பலாம்.

வெறும் கடிதமாக அனுப்பாதீர்கள். கீழ்க்கோர்ட் நீதிபதிகள் மீதான புகாரில் சத்தியப் பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 2014 அக்டோபரில் இந்தியத் தலைமை நீதிபதி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் எழுதியிருக்கிறார். மொட்டைக் கடிதம் நேராகக் கோப்பில் போய் மூடிக்கொள்ளும். நோட்டரி முன் சத்தியம் செய்து உங்கள் மகன் ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும், அந்த ராத்திரி அங்கே இருந்தவன் அவன்தான். வீட்டுக்குத் தகவல் வராததைப் பற்றி நீங்கள் தனியாக ஒன்று தரலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டாண்டில் பார்த்த டெம்போக்காரர் ஒருவர் முன்வந்தால் அவரும் தரட்டும். புகார் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன கேட்டார், என்ன கேட்கவில்லை. அவ்வளவுதான். "எதிர்த்தரப்புக்காரர் பணம் கொடுத்திருப்பார்" என்று ஊகத்தில் ஒரு வரி எழுதினாலும் மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும். கையில் ஆதாரம் இல்லாமல் அந்த வார்த்தை வேண்டவே வேண்டாம்.

தாள்களைச் சேர்ப்பதுதான் இப்போது அவசரம். உங்கள் வக்கீல் மூலமாகவே கோர்ட்டில் நகல் மனு போட்டு ரிமாண்ட் ரிப்போர்ட், ரிமாண்ட் உத்தரவு, கைது மெமோ, உறவினருக்குத் தகவல் கொடுத்ததாகக் காட்டும் தாள், கைதானதும் அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த மருத்துவச் சான்று எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அந்த மருத்துவச் சான்றில் "வெளிக்காயம் இல்லை" என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், அதுவும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆசாரிப்பள்ளம் எக்ஸ்ரேயையும் ஓ.பி. சீட்டையும் பத்திரமாக வையுங்கள். ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் "அழிந்துவிட்டது" என்ற பதில் வருவது சகஜம். அந்த வெள்ளி, சனி இரண்டு நாள் பதிவையும் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கு இன்றே ஒரு மனு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் போன பிறகு என்ன நடக்கும்? மாவட்ட நீதிபதியிடமிருந்து அறிக்கை கேட்பார்கள், சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட்டிடம் விளக்கம் கேட்பார்கள். முகாந்திரம் இருப்பதாகத் தோன்றினால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து விசாரணை நடத்துவார்கள். உங்களையும் மகனையும் சாட்சி சொல்லக் கூப்பிடலாம். தண்டனை கண்டிப்பில் தொடங்கி, சம்பள உயர்வை நிறுத்துவது, கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகலாம். ஒரு தடவை இப்படி நடந்ததற்காக வேலையை விட்டு எடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை, நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம். எச்சரிக்கையோ கண்டிப்போ வரலாம், அவருடைய பணிப்பதிவில் ஏறலாம். இதே மாதிரி இன்னும் நாலு பேர் எழுதியிருந்தால் அது கனமாகும். எழுதாமல் விட்டால் உங்கள் மகனுக்கு நடந்தது அந்தக் கோப்பில் இல்லவே இல்லை.

நஷ்டஈடு மாஜிஸ்திரேட்டிடம் கேட்க முடியாது. 1985-ம் ஆண்டின் நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் 3-வது பிரிவு, நீதிபதியாக இருந்து செய்த காரியத்துக்காக அவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட விடாது. துறை நடவடிக்கையை அது தடுக்கவில்லை. சட்டவிரோதம் என்று தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு ஒருவரைச் சிறையில் வைத்தால் தண்டிக்க பாரதிய நியாய சன்ஹிதாவில் 258-வது பிரிவு இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது அலட்சியம், கெட்ட எண்ணம் இல்லை. சட்டவிரோதக் காவலுக்கும் போலீஸ் அடித்ததற்கும் அரசிடம் இழப்பீடு கேட்கலாம். 1983-ல் ருதுல் ஷா வழக்கிலிருந்து இந்த வழி திறந்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுவாகப் போட வேண்டும்.

மாஜிஸ்திரேட்டையே பார்த்துக்கொண்டிருந்து போலீசை விட்டுவிடாதீர்கள், அக்கா. கையை வீங்க வைத்தவர்கள் அவர்கள். கைது நேரத்தை மாற்றி எழுதியிருந்தால் அதுவும் அவர்கள் செய்ததுதான். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும். அர்னேஷ் குமார் தீர்ப்பை மீறிய போலீஸ்காரர்கள் மேல் உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்குப் போடலாம், அதற்கும் ஒரு வருடம்தான் கெடு. உங்களை அவமதிப்பு என்று சொல்லிப் பயமுறுத்தினார்களே, இந்த விஷயத்தில் அந்தச் சட்டம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக, மகனுடைய கேஸ். புகார் கொடுத்தால் அதே மாஜிஸ்திரேட் வஞ்சம் வைப்பாரோ என்ற உங்கள் கவலை நியாயம்தான். உங்கள் வக்கீல் "விட்டுவிடுங்கள்" என்றதையும் தப்பாக எடுக்க வேண்டாம். அவர் நாளைக்கும் அதே கோர்ட்டில் நின்று வாதாட வேண்டும், அவருடைய மற்றக் கட்சிக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். கேஸை அவரே நடத்தட்டும், புகாரை வேறொருவர் எழுதட்டும். புகார் நிலுவையில் இருக்கும்போது அவர் முன்னால் வழக்கு நடப்பது சரியாக இருக்காது என்று தோன்றினால், வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி நாகர்கோவில் செஷன்ஸ் நீதிபதியிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 448-வது பிரிவில் மனுப் போடலாம். மாஜிஸ்திரேட்டுகளுக்கு இடமாற்றம் அடிக்கடி வரும், சார்ஜ் ஷீட் வந்து விசாரணை தொடங்குவதற்குள் அவரே வேறு ஊருக்குப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. எது எப்படியானாலும் மகன் ஒரு வாய்தாவைக் கூடத் தவறவிடக் கூடாது. ஜாமீன் நிபந்தனையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் அதையும் விடக் கூடாது. பிடிவாரண்ட் ஒன்று வந்துவிட்டால், "தலைமறைவாவார்" என்ற அந்த வரி உண்மையாகிவிடும்.

புகார் எழுதவும் ரிட் மனுப் போடவும் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கு இலவச வக்கீல் தருவார்கள். மதுரைக் கிளை வழக்குக்கு அங்கேயே தனியாகச் சட்டப் பணிக் குழு இருக்கிறது. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுத்தால் அவர்களே அங்கே அனுப்பிவைப்பார்கள். நேரில் வர முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ஜாமீன் உத்தரவு, எக்ஸ்ரே, ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ராத்திரி நடந்ததை அவன் வாயால் சொல்லட்டும், நீங்கள் இடையில் பேச வேண்டாம்.